உங்கள் நிலம் வறள்நிலமாகி வருகிறதா? நீங்களே கணக்கிட்டுப் பார்க்கும் முறை

"மழை முன்பு போலத்தான் பெய்கிறது, ஆனால் மண்ணில் ஈரம் நிற்பதில்லை" என்று சொல்பவர்களை நான் நம்புகிறேன். காலநிலைத் தரவுகளோடு மல்லுக்கட்டுவதே என் தொழில். நிலத்தில் நின்று வேலை செய்பவர்களிடமிருந்து இந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். மழைப் பதிவேட்டைத் திறந்து, "பாருங்கள், சராசரி குறையவே இல்லை" என்று காட்டி அவர்கள் வாயை அடைப்பது எளிது. அப்படிச் செய்பவர்கள் கணக்கின் ஒரு பாதியை மட்டுமே பார்க்கிறார்கள். மறுபாதி காற்றில் இருக்கிறது. விழுந்த நீரில் எவ்வளவைக் காற்று திரும்பக் கேட்கிறது என்பதைக் கணக்கில் சேர்க்காதவரை, ஒரு நிலம் வறள்கிறதா இல்லையா என்று யாரும் சொல்ல முடியாது.

அந்தக் கணக்கை ஒரு விரிதாள் மென்பொருளும், ஒரு நாள் பொறுமையும் இருந்தால் யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். பள்ளிக் கணிதம் போதும். எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தெளிவு. மழை பொய்த்த ஒன்றிரண்டு ஆண்டுகள் வறட்சி; அது வரும், போகும். மரத்தை வெட்டியும், மிகையாக மேய்த்தும், உப்பு நீரைப் பாய்ச்சியும் மண்ணைக் கெடுப்பது நிலச் சீரழிவு. நாம் அளக்கப் போவது இவை இரண்டையும் அல்ல. ஓர் இடத்தின் இயல்பான காலநிலையே, பல பத்தாண்டுகளில், ஈரமான வகையிலிருந்து வறண்ட வகைக்கு நகர்வதை அளக்கப் போகிறோம். வறட்சி முடிந்தால் நிலம் பழைய நிலைக்கு வரும். இந்த நகர்வு நடந்துவிட்டால், திரும்பி வர "பழைய நிலை" என்று ஒன்று இருக்காது. அதனால்தான் இதை முன்கூட்டியே கண்டுகொள்வது இவ்வளவு முக்கியம் என்று நினைக்கிறேன்.

எந்தக் குறியீட்டைப் பயன்படுத்துவது

ஐ.நா. அமைப்புகள் பயன்படுத்தும் வறள் குறியீடே போதுமானது. ஆண்டு மழையளவை ஆண்டின் ஆவியாதல் தேவையால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆவியாதல் தேவை என்பது, நீர்க் குறைவே இல்லாத பசும்புல் தரையிலிருந்து அந்த இடத்தின் வெயிலும் வெப்பமும் காற்றும் சேர்ந்து எவ்வளவு நீரை எடுத்துச் செல்லுமோ அந்த அளவு. இரண்டுமே மில்லிமீட்டரில் இருக்கும். எண் சிறிதாகச் சிறிதாக நிலம் வறண்டது. முதன்முறை பார்ப்பவர்கள் இதைத் தலைகீழாகப் படித்துவிடுவதுண்டு.

0.65-க்குக் கீழே போனால் அது வறள்நிலம். அதற்குள் நான்கு வகை உண்டு. 0.50 முதல் 0.65 வரை உலர் அரை ஈர நிலம், 0.20 முதல் 0.50 வரை அரை வறள்நிலம், 0.05 முதல் 0.20 வரை முழு வறள்நிலம், 0.05-க்கும் கீழே கடும் வறள்நிலம். 1994-இல் ஏற்கப்பட்ட பாலைவனமாதலைத் தடுக்கும் ஐ.நா. உடன்படிக்கை இந்தக் கடைசி வகையைத் தன் வரையறைக்குள் சேர்ப்பதில்லை; அங்கே ஏற்கெனவே பாலைவனம்தான் இருக்கிறது.

இப்போது இந்தக் கணக்கைப் பாருங்கள். ஓர் இடத்தில் ஆண்டுக்கு 800 மி.மீ. மழை. ஆவியாதல் தேவை 1200 மி.மீ. வகுத்தால் 0.667. அது வறள்நிலம் இல்லை. மழை ஒரு துளிகூடக் குறையாமல், ஆவியாதல் தேவை மட்டும் 5 விழுக்காடு கூடி 1260 ஆகிறது என்று வையுங்கள். இப்போது 0.635. அந்த நிலம் எல்லையைத் தாண்டிவிட்டது. மழைப் பதிவேட்டை மட்டும் வைத்துக்கொண்டிருப்பவருக்கு இது கடைசிவரை தெரியாது.

உலக அளவில் நடப்பதும் இதுதான். அந்த உடன்படிக்கையின் அறிவியல் குழு 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கைப்படி, 2020-இல் முடிந்த முப்பது ஆண்டுகளில், அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளோடு ஒப்பிட, உலக நிலப்பரப்பில் 77.6 விழுக்காடு முன்பைவிட வறண்டிருக்கிறது. வறள்நிலங்கள் சுமார் 43 லட்சம் சதுர கிலோமீட்டர் விரிந்து, அண்டார்க்டிகா நீங்கலான நிலப்பரப்பில் 40.6 விழுக்காட்டை எட்டியிருக்கின்றன. 1990-இல் அங்கே வாழ்ந்தவர்கள் 120 கோடிப் பேர். 2020-இல் 230 கோடிப் பேர். இந்த எண்களைத் தலைப்புச் செய்தியாகப் படித்துவிட்டுக் கடந்துபோகிறோம். நம் காலடி நிலம் அந்த 77.6-க்குள் வருகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நாள் போதும் என்பது பலருக்குத் தெரியாது.

தரவைத் திரட்டுவது

உங்களுக்கு வேண்டியவை: இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, மாதவாரியாக மழையளவு, மாதவாரியாகச் சராசரி அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலை. குறைந்தது அறுபது ஆண்டுகளுக்கு வேண்டும், 1961 முதல் 2020 வரை. முப்பது ஆண்டுச் சராசரியைத்தான் காலநிலை என்று உலக வானிலை அமைப்பு எடுத்துக்கொள்கிறது. ஒப்பிடுவதற்கு அப்படி இரண்டு முப்பதுகள் தேவை. பத்து ஆண்டுத் தரவை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்பவரை நம்பாதீர்கள்.

அருகில் பழைய வானிலை நிலையம் இருந்தால் அதன் பதிவேடே முதல் தேர்வு. ஆனால் வாங்கியவுடன் கூட்டிக் கழிக்க உட்காராதீர்கள். நிலையம் இடம் மாறியிருக்கிறதா, கருவி மாற்றப்பட்டதா, மழைமானியின் தலைக்கு மேல் மரம் வளர்ந்துவிட்டதா, வெப்பமானியைச் சுற்றிக் கட்டடங்கள் எழுந்துவிட்டனவா என்று விசாரியுங்கள். ஓர் ஆண்டில் திடீரென்று சராசரி படிக்கட்டு மாதிரி ஏறியோ இறங்கியோ இருந்தால், வானத்தைச் சந்தேகிப்பதற்கு முன் கருவியைச் சந்தேகியுங்கள்.

நிலையம் இல்லாதவர்களுக்குக் கட்டமிட்ட தரவுத் தொகுப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. டெராக்ளைமேட் 1958 முதல் சுமார் 4 கிலோமீட்டர் கட்டங்களில் மாதத் தரவு தருகிறது. மழை, வெப்பநிலை மட்டுமல்லாமல் ஆவியாதல் தேவையையும் கணக்கிட்டே வைத்திருக்கிறது. கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தின் சி.ஆர்.யூ. தொகுப்பு 1901 வரை பின்னே போகும், ஆனால் கட்டங்கள் பெரியவை, அரை டிகிரி. ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையத்தின் ஈ.ஆர்.ஏ.5-லேண்ட் 1950 முதல் சுமார் 9 கிலோமீட்டர் கட்டங்களில் இருக்கிறது. மலைச்சரிவுகளிலும் கடற்கரைகளிலும் பெரிய கட்டங்கள் ஏமாற்றும். இயன்றால் இரண்டு தொகுப்புகளை எடுத்து, இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றனவா என்று பாருங்கள்.

ஆவியாதல் தேவையைக் கணக்கிடுவது

இங்கேதான் பெரும்பாலான பிழைகள் நுழைகின்றன, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. 1948-இல் வந்த தார்ன்த்வெயிட் முறைக்கு வெப்பநிலை மட்டும் போதும். எளிது என்பதால் பலரும் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள். காலநிலை மாற்றத்தை அளக்க இதைப் பயன்படுத்தாதீர்கள். வெப்பநிலை ஏறினால் இந்த முறை காட்டும் ஏற்றம் உண்மையைவிடக் கூடுதலாக வந்துவிடும். 2012-இல் ஷெஃபீல்டும் அவரது சகாக்களும், உலக வறட்சி பற்றிய பழைய கணக்குகள் சில இந்தக் காரணத்தாலேயே மிகைப்பட்டிருந்தன என்று காட்டினார்கள். நிலம் வறள்வதில் அக்கறை உள்ளவர்கள்தாம் இந்த விஷயத்தில் மிகக் கறாராக இருக்க வேண்டும். ஊதிப் பெரிதாக்கிய ஓர் எண் வெளிப்பட்டால், உண்மையான எண்ணையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பென்மன்-மான்டீத் முறை இவற்றில் சிறந்தது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1998-இல் தன் 56-ஆம் வெளியீட்டில் இதைத் தரப்படுத்தியது. வெப்பநிலையோடு வெயில், காற்றின் ஈரப்பதம், காற்றின் வேகம் ஆகிய எல்லாம் இதில் வரும். டெராக்ளைமேட்டில் இருப்பது இந்த முறையில் கணக்கிட்டதுதான். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சி.ஆர்.யூ. தொகுப்பும் இந்த முறையையே பின்பற்றுகிறது, ஆனால் காற்றின் வேகத்தை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறாத சராசரியாக வைத்துக்கொள்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

கையால் போட்டுப் பார்க்க விரும்புபவர்களுக்கு 1985-இல் வந்த ஹார்கிரீவ்ஸ் சூத்திரம். எல்லோரும் ஒரு தடவையாவது இதைக் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம். சராசரி வெப்பநிலையோடு 17.8-ஐக் கூட்டுங்கள். அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வேறுபாட்டின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். வளிமண்டலத்தின் உச்சியில் விழும் சூரிய ஆற்றலை நீரின் அளவாக மாற்றி, அதனாலும் பெருக்குங்கள். கடைசியாக 0.0023-ஆல் பெருக்கினால், ஒரு நாளின் ஆவியாதல் தேவை மில்லிமீட்டரில் வந்துவிடும். சூரிய ஆற்றலுக்கு, மேலே சொன்ன 56-ஆம் வெளியீட்டின் பின்னிணைப்பில் அட்சரேகை, மாதவாரியாக அட்டவணை இருக்கிறது. மெகாஜூலில் உள்ள அந்த எண்ணை 0.408-ஆல் பெருக்கினால் மில்லிமீட்டர் ஆகும்.

எடுத்துக்காட்டு: அதிகபட்சம் 36 டிகிரி, குறைந்தபட்சம் 24 டிகிரி. சராசரி 30, வேறுபாடு 12. சூரிய ஆற்றல் 36.8 மெகாஜூல், அதாவது 15 மி.மீ. 47.8-ஐ 3.464-ஆலும் 15-ஆலும் 0.0023-ஆலும் பெருக்கினால் நாளுக்கு 5.7 மி.மீ. முப்பது நாள் மாதத்துக்கு 171 மி.மீ. அதிகபட்சமும் குறைந்தபட்சமும் இரண்டு டிகிரி ஏறட்டும். இப்போது நாளுக்கு 5.95 மி.மீ., நான்கு விழுக்காட்டுக்குச் சற்று மேலான ஏற்றம். மாதத்துக்கு ஏழு மில்லிமீட்டர் கூடுதல் செலவு. ஒரு ஹெக்டேருக்கு எழுபதாயிரம் லிட்டர்.

இந்தச் சூத்திரத்துக்கு ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. வெப்பமயமாதலில் பல இடங்களில் பகலைவிட இரவு வேகமாகச் சூடாகிறது. அப்போது பகல்-இரவு வேறுபாடு சுருங்கி, சூத்திரம் ஏற்றத்தைக் குறைத்துக் காட்டும். காற்று உலர்ந்துபோவதும் இதற்கு நேரடியாகத் தெரியாது. ஆகவே கையால் போட்டுப் புரிந்துகொள்ளுங்கள். முடிவு சொல்லும்போது பென்மன்-மான்டீத் எண்ணைச் சொல்லுங்கள்.

காற்றின் தாகம் ஏன் கூடுகிறது

எண்களை நிரப்பிக்கொண்டே போகாமல் இந்தக் கேள்வியிடம் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். இது புரிந்தால்தான் உங்கள் முடிவை இன்னொருவருக்கு விளக்க முடியும்.

ஒரு டிகிரி வெப்பம் ஏறினால், காற்று தாங்கக்கூடிய நீராவியின் அளவு சுமார் 7 விழுக்காடு கூடும். 30 டிகிரியில் அந்த உச்ச அளவு, அதாவது நிறைவு நீராவி அழுத்தம், 4.24 கிலோபாஸ்கல். ஈரப்பதம் 60 விழுக்காடு என்றால், காற்றில் உண்மையில் இருப்பது 2.55. இடைவெளி 1.70. இந்த இடைவெளிதான் இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் நீரை இழுக்கிறது. 32 டிகிரியில் நிறைவு அழுத்தம் 4.75 ஆகிவிடும். ஈரப்பதம் அதே 60 விழுக்காட்டில் நின்றால் இடைவெளி 1.90; பன்னிரண்டு விழுக்காடு ஏற்றம். காற்றில் புதிதாக நீராவி எதுவும் சேராமல் அதே 2.55-தான் இருக்கிறது என்றால் இடைவெளி 2.21, முப்பது விழுக்காடு ஏற்றம்.

நிலத்தின் மேல் நடப்பது இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. நிலக் காற்றின் ஈரத்தில் பெரும்பங்கு கடலிலிருந்து வருவது. கடல் மெதுவாகச் சூடாகிறது. நிலம் வேகமாகச் சூடாகிறது. காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாம் மதிப்பீட்டின்படி, 1850-1900 காலத்தோடு ஒப்பிட 2011-2020 பத்தாண்டில் கடற்பரப்பு 0.88 டிகிரி சூடாகியிருந்தபோது, நிலப்பரப்பு 1.59 டிகிரி சூடாகியிருந்தது. மெதுவாகச் சூடாகும் கடல் அனுப்பும் ஈரம், வேகமாகச் சூடாகும் நிலத்தின் காற்றை முன்பு போல நிரப்பப் போதவில்லை. நிலத்தின் மேல் ஈரப்பத விழுக்காடு சரிகிறது, தாகம் கூடுகிறது.

இதோடு மண்ணும் கைகோத்துக்கொள்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர், அதாவது ஒரு லிட்டர், ஆவியாக 2.45 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். மண்ணில் ஈரம் இருக்கும்வரை வெயிலின் பெரும்பங்கு அந்த வேலைக்குப் போகிறது. ஈரம் தீர்ந்ததும் அதே ஆற்றல் தரையையும் காற்றையும் சூடாக்குகிறது. சூடான காற்று இன்னும் கேட்கிறது. தொடங்கிய வறள்தல் தன்னைத்தானே ஊட்டி வளர்த்துக்கொள்வது இப்படித்தான்.

மழையே குறையும் இடங்களும் உண்டு. நிலநடுக்கோட்டருகே மேலெழும் காற்று, வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய 30 டிகிரி அட்சரேகையில் உலர்ந்து கீழிறங்குகிறது. பெரும் பாலைவனங்கள் பலவும் அந்தப் பட்டையில்தான் இருக்கின்றன. அந்தப் பட்டை 1980-களிலிருந்து மெல்லத் துருவங்களை நோக்கி நகர்ந்துவருகிறது. மத்தியதரைக் கடற்பகுதி, நடுச் சிலி, ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு ஆகியவை அதன் ஓரத்தில் இருப்பவை. தென்மேற்கு ஆஸ்திரேலியாவில் குளிர்கால மழை 1970-க்குப் பிறகு 15 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. அணைகளுக்கு வரும் நீரோ அதைவிடப் பல மடங்கு சரிந்தது. வறண்ட நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் மழை 10 விழுக்காடு குறைந்தால் ஓடைநீர் 20 முதல் 30 விழுக்காடு குறைவது வழக்கம். மண்தான் முதலில் குடிக்கும், மிஞ்சினால்தான் ஓடைக்கு.

இரண்டு முப்பதுகளை ஒப்பிடுவது

இப்போது விரிதாளுக்கு வாருங்கள். 1961-1990, 1991-2020 இரண்டுக்கும் ஆண்டு மழைச் சராசரியையும் ஆவியாதல் தேவையின் ஆண்டுச் சராசரியையும் எடுங்கள். முதல் காலத்தில் மழை 620, தேவை 1180 என்று வைத்துக்கொள்வோம். குறியீடு 0.525. இரண்டாம் காலத்தில் மழை 600, தேவை 1240. குறியீடு 0.484. நிலம் 0.50 என்ற கோட்டைத் தாண்டி, அரை வறள்நிலமாகிவிட்டது.

இத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பழைய மழையைப் புதிய தேவையால் வகுத்துப் பாருங்கள்: 620-ஐ 1240-ஆல் வகுத்தால் 0.500. அதாவது மொத்தச் சரிவான 0.041-இல், 0.025 காற்றின் தாகத்தால் வந்தது, மீதி 0.016 மழைக் குறைவால் வந்தது. இந்தப் பிரிப்பு மிகவும் பயனுள்ளது. மழை பத்தாண்டுக்குப் பத்தாண்டு இயல்பாகவே ஏறி இறங்கும். நாளைக்கே மீண்டும் கூடலாம். வெப்பத்தால் கூடிய தாகமோ, பசுங்குடில் வாயுக்கள் சேர்ந்துகொண்டே இருக்கும்வரை இறங்காது. உங்கள் நிலத்தின் சரிவில் பெரும்பங்கு தாகத்தினுடையது என்றால், நல்ல மழைக்காலம் ஒன்று வந்துவிட்டது என்பதற்காக நிம்மதி கொள்ள வேண்டாம்.

இயல்பான ஏற்ற இறக்கத்தைக் காலநிலை மாற்றம் என்று எண்ணிவிடாமலிருக்க, முப்பது ஆண்டுச் சாளரத்தை ஓராண்டு ஓராண்டாக நகர்த்தி வரைபடம் போடுங்கள். 1961-1990, 1962-1991 என்று. கோடு சீராக இறங்கினால் அது போக்கு. ஏறி இறங்கினால் காத்திருந்து பார்க்க வேண்டியது. ஆப்பிரிக்காவின் சாஹேல் இதற்கு நல்ல பாடம். 1960-களின் இறுதியில் தொடங்கி 1980-கள் வரை அங்கே கடும் வறட்சி. சஹாரா தெற்கே நடந்துவருகிறது என்று உலகமே பேசியது. பிறகு மழை ஓரளவு மீண்டது, பல இடங்களில் பசுமையும் திரும்பியது. 1985-இல் ஒரு கோட்டை இழுத்து அதை அப்படியே எதிர்காலத்துக்கு நீட்டியவர்கள் எல்லாரும் தவறான இடத்தில் போய் நின்றார்கள்.

அடுத்து, ஆண்டுக் கூட்டலைப் பிரித்து மாதவாரியாகப் பாருங்கள். ஆண்டு மழை மாறாமல், விதைப்புக் காலத்து மழை மட்டும் தள்ளிப்போயிருக்கலாம். அன்றாடத் தரவு கிடைத்தால் மழை நாட்களையும் எண்ணுங்கள். அதே அளவு மழை குறைவான நாட்களில் கொட்டித் தீர்ந்தால், ஓடிப்போவது கூடும், ஊறுவது குறையும். குறியீட்டில் இது தெரியவே தெரியாது.

வெளியே போய்ப் பார்ப்பது

கணினியில் வந்த எண்ணை மண்ணில் சரிபார்க்காமல் விடக் கூடாது. பலத்த மழை பெய்து, இரண்டு நாள் வெயில் காய்ந்த பிறகு, செடி மூடாத இடத்துக்குப் போங்கள். குனிந்து பாருங்கள். துளிகள் அடித்துச் சிதறிய நுண்துகள்கள் மண்ணின் துளைகளில் இறங்கி, காய்ந்து, மேலே மெல்லிய ஏடாகப் படிந்திருக்கும். கத்தி முனையை ஓரத்தில் கொடுத்து நெம்பினால் அந்த ஏடு சில்லாக உயரும். மேற்பக்கம் வழவழப்பாகவும் அடிப்பக்கம் பொரபொரப்பாகவும் இருக்கும். அதன் கீழே மண் காய்ந்திருந்தால், அடித்த மழையில் பெரும்பகுதி உள்ளே போகவே இல்லை என்று பொருள். அங்கிருந்து நாலடி தள்ளி, சருகு மூடிய இடத்தில் விரலை நுழைத்துப் பாருங்கள். ஒரே வானம், ஒரே மழை. ஈரம் மட்டும் வேறு.

இதை எண்ணாக்க, 15 செ.மீ. விட்டமுள்ள, இரு பக்கமும் திறந்த உலோக வளையம் ஒன்று போதும். மண்ணில் பாதிவரை அடித்து இறக்குங்கள். உள்ளே ஒரு பாலித்தீன் தாளை விரித்து, 440 மில்லி நீரை ஊற்றி, தாளை மெதுவாக உருவி எடுங்கள். அது 25 மி.மீ. மழைக்குச் சமம். நீர் மறைந்து மண் பளபளப்பு இழக்கும்வரை நேரம் குறியுங்கள். உடனே இன்னொரு 440 மில்லி ஊற்றி மறுபடியும் குறியுங்கள். இந்த இரண்டாவது நேரத்தைத்தான் நம்ப வேண்டும், முதலாவது மண் எவ்வளவு காய்ந்திருந்தது என்பதைப் பொறுத்து மாறிவிடும். மூடிய மண்ணிலும் மூடாத மண்ணிலும் செய்து ஒப்பிடுங்கள். காலநிலையால் வந்த வறள்தல் எது, மண் கெட்டதால் வந்த வறள்தல் எது என்று பிரித்தறிய இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. முதலாவதை உங்களால் தனியாக நிறுத்த முடியாது. இரண்டாவதை முடியும்.

எதிர்ச்சான்றையும் தேடுவது

குறியீடு இறங்கியிருக்கும் பல இடங்களைச் செயற்கைக்கோளிலிருந்து பார்த்தால் பசுமை கூடியிருப்பது தெரியும். இதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையல்ல. காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடும்போது, இலைகள் தங்கள் துளைகளைச் சற்றே மூடிக்கொண்டும் வேண்டிய கார்பனை எடுத்துக்கொள்ள முடிகிறது. ஒரு கிராம் வளர்ச்சிக்குச் செலவாகும் நீர் குறைகிறது. பென்மன்-மான்டீத் சூத்திரத்தின் வழக்கமான வடிவத்தில் இந்த விளைவு இல்லை. இதனால் அறிவியலாளர்களுக்கிடையே உண்மையான விவாதம் ஒன்று நடக்கிறது. வறள் குறியீட்டை வைத்து 2016-இல் ஹுவாங் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் வறள்நிலங்கள், 1961-1990 காலத்தோடு ஒப்பிட, பசுங்குடில் வாயு உமிழ்வு நடுத்தரமாக இருந்தால் 11 விழுக்காடும் உயர்வாக இருந்தால் 23 விழுக்காடும் விரியும் என்றது. 2021-இல் பெர்க், மெக்கால் இருவரும் மண்ணீரையும் தாவரத்தையும் அடிப்படையாகக் கொண்ட வேறோர் அளவுகோலை எடுத்து, உலக மொத்தத்தில் அப்படிப்பட்ட விரிவு தெரியவில்லை என்றார்கள்.

என் நிலைப்பாடு இதுதான். காற்று உலர்கிறது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த உலர்வு மண்ணையும் ஓடையையும் செடியையும் எந்த அளவுக்கு எட்டுகிறது என்பதே கேள்வி. அதை உலகத்துக்கு மொத்தமாகக் கேட்பதைவிட உங்கள் இடத்துக்குக் கேட்பது பயனுள்ளது. 2000 முதல் கிடைக்கும் மோடிஸ் என்ற செயற்கைக்கோள் கருவியின் பசுமைக் குறியீட்டை எடுத்து, மழை மிகுந்த ஆண்டுகளைத் தனியாகவும் மழை குறைந்த ஆண்டுகளைத் தனியாகவும் ஒப்பிடுங்கள். பசுமை கூடியிருந்தால், அது ஆழ்துளைக் கிணற்றுப் பாசனத்தால் வந்ததா என்று விசாரியுங்கள். பசுமை கூடி நிலத்தடி நீர் இறங்குகிறது என்றால் அதை நல்ல செய்தி என்று சொல்ல மாட்டேன். கிணற்று மட்டமும் ஓடை ஓடும் நாட்களும் ஒரே திசையில் சரிந்துகொண்டிருந்தால், குறியீடு சொல்வதை நம்பலாம்.

வாசல்களைக் கவனிப்பது

வறள்தல் எப்போதும் சீரான சரிவாக வராது. 2020-இல் பெர்டுகோவும் மயெஸ்ட்ரேயும் சகாக்களும் சயின்ஸ் இதழில் வெளியிட்ட உலகளாவிய ஆய்வு, மூன்று இடங்களில் சூழல் திடீரென்று மாறுவதைக் கண்டது. குறியீடு 0.46-ஐ ஒட்டித் தாவர வளர்ச்சி சட்டென்று குறைகிறது. 0.30-ஐ ஒட்டி மண்ணின் வளமும் கட்டமைப்பும் அதில் வாழும் உயிர்களும் குலைகின்றன. 0.20-ஐ ஒட்டித் தாவரப் போர்வையே கிழிகிறது. உங்கள் எண் 0.49-இலோ 0.32-இலோ இருந்தால், வகை மாறாவிட்டாலும், அது உடனே கவனிக்க வேண்டிய இடம். 0.58-இலிருந்து 0.55-க்கு வந்ததைவிட, 0.48-இலிருந்து 0.45-க்கு வருவதே எனக்கு அதிகக் கவலை தருகிறது.

வருங்காலத்தைப் பார்க்க விரும்பினால், ஐ.பி.சி.சி. இணையத்தில் வைத்திருக்கும் ஊடாடும் வரைபடத் தொகுப்பில் உங்கள் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். ஒரே ஒரு கணினிக் காலநிலை மாதிரியின் முடிவை எடுக்காதீர்கள். வெப்பநிலையில் மாதிரிகள் ஒத்துப்போகும், மழையில் ஒன்றுக்கொன்று முரண்படும். மழை மாறாமல் வெப்பநிலை மட்டும் ஒன்றரை, இரண்டு, மூன்று டிகிரி ஏறினால் உங்கள் குறியீடு எங்கே போகும் என்று விரிதாளிலேயே போட்டுப் பாருங்கள். அதுதான் உறுதியான பகுதி.

முடிவை எழுதி வைப்பது

ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை, எந்தத் தொகுப்பு, எந்த முறை, இரண்டு காலங்களின் மழையும் தேவையும், குறியீடு, சரிவில் தாகத்தின் பங்கு, வளையச் சோதனையின் நேரங்கள், கிணற்று மட்டம். கணக்கை இன்னொருவர் முதலிலிருந்து திரும்பப் போட்டுச் சரிபார்க்க முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்தப் பக்கத்துக்கு மதிப்பில்லை.

பிறகு அதைப் பயிர், பாசனம், மரநடவு பற்றி முடிவெடுப்பவர்களின் கையில் கொடுங்கள். தாகத்தால் வந்த சரிவு என்றால் கோரிக்கை ஒன்று: ஆவியாதல் தேவை கூடும் என்று வைத்தே நீர்த் திட்டங்களைக் கணக்கிட வேண்டும், பழைய முப்பதின் சராசரியை வைத்து அல்ல. மண் மூடாததால் வந்த சரிவு என்றால் கோரிக்கை வேறு: சருகும் அறுத்த பயிரின் தாளும் நிலத்திலேயே கிடக்கட்டும், சரிவுக்குக் குறுக்கே வரப்புகள் வரட்டும், மேய்ச்சலுக்கு இடைவெளி கிடைக்கட்டும். இயல்பாகவே புல் மட்டும் வளரும் வறண்ட வெளியில் நெருக்கமாக மரம் நடச் சொல்லாதீர்கள். இருக்கும் கொஞ்ச மண்ணீரையும் அவை இழுத்துவிடும்.

கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள். 2001-2030 காலத்தின் தரவு முழுமையானதும், அதே சூத்திரத்தை அதே கட்டத்துக்குப் போட்டு மூன்றாவது வரிசையாகச் சேர்க்க வேண்டும்.